தீபக் ராயின் தலைமுடி

பிரம்மநாயகம் தன் தகப்பனை முதலில் கொன்றது செம்பூரில். மனுஷன் நிஜமாகச் செத்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, தாராவியில்.

செம்பூரில் ஒரு ஸ்டுடியோ. வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து ஆள் பொறுக்க வந்த மேனேஜர் மிஸ்ரா, "பேர் என்ன, ஊர் எது, அப்பா யார்?" என்று இந்தியில் கேட்டார். சீனச் சண்டை முடிந்து சூடு ஆறாத நேரம். "தீபக் ராய். டேராடூன். அப்பா ராணுவத்தில் கேப்டன். சண்டையில் போய்விட்டார்" என்று இவன் கண் இமைக்காமல் சொன்னான். மிஸ்ரா உச்சுக்கொட்டி, தோளில் தட்டி உள்ளே விட்டார். அதே நேரத்தில் கேப்டன் சுடலைமுத்து தாராவியில் ஒரு தோல் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டிக்குள் முழங்கால் வரை இறங்கி நின்று ஆட்டுத் தோலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பயல் பொருந்தத்தான் சொன்னான். வினை பிடித்ததே அங்கேதான்.

தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தி தெருவோடு வந்தது. அதற்கு மெருகு ஏற்ற, மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் பான் கடை வைத்திருந்த வடக்கத்தி பையாவிடம் வருஷக்கணக்கில் நின்று வாயைப் பார்த்தான். நாக்கை மாற்றினால் மட்டும் போதுமா? தோல் வாசனையை என்ன செய்வது? அவர்கள் சந்தில் குடத்துத் தண்ணீருக்குக்கூட அந்த வாசனை உண்டு. அதனால் அவனுடைய வெள்ளைச் சட்டையும் பேண்ட்டும் மாட்டுங்காவில் ஒரு லாண்டரியிலேயே குடியிருந்தன. லுங்கியோடு போவான், அங்கே மாற்றிக்கொண்டு தீபக் ராயாகச் செம்பூர் பஸ் ஏறுவான். சாயங்காலம் தீபக் ராயைக் கழற்றி லாண்டரியில் கொடுத்துவிட்டு, பிரம்மநாயகமாக வீட்டுக்கு நடப்பான்.

இரண்டு வருஷமும் கூட்டத்தில் ஒருவனாகவே போயிற்று. கல்யாண ஊர்வலத்தில் ஆடினான். கோர்ட் சீனில் பெஞ்சில் உட்கார்ந்தான். கலவரத்தில் அடி வாங்கி ஓடினான். படம் வந்ததும் டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்து தன்னைத் தேடுவான். ஒரு தடவை காது தெரிந்தது. ஒரு தடவை முழங்கை. பெரியப்பா மகன் சொரிமுத்து, அவனும் தோல் ஷாப்காரன்தான், கூடவே போய்ப் பார்த்துவிட்டு, "ஏல, காதுல நல்லா நடிச்சிருக்க" என்று சொல்லிச் சிரிப்பான். பிரம்மநாயகத்துக்குச் சிரிப்பு வராது. இருபத்துமூன்று வயதாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் முகம் வரவில்லையென்றால் தகப்பன் நிற்கிற தொட்டிக்குள்தான் இறங்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தத் தொட்டியை நினைத்தால் அவனுக்குத் தூக்கம் போய்விடும்.

கடைசியில் அவனுக்கு வழி திறந்தது தலைமுடியால். நெற்றியில் சுருண்டு விழுகிற கறுகறுத்த முடி. அவன் அம்மா ஆறுமுகத்தாய் சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்து வளர்த்த முடி. "எம் புள்ளைக்கு ராசா முடி" என்று அவள் பெருமை பேசும்போதெல்லாம் சுடலைமுத்து, "இந்த மசுரு என்ன சோறா போடப் போவுது?" என்பார். போடத்தான் பார்த்தது. ஒரு நாள் டைரக்டர் கூட்டத்தைப் பார்த்து விரலை நீட்டி, "அந்தச் சுருட்டை முடிக்காரனைக் கூப்பிடு" என்றார்.

படத்தில் கதாநாயகனைச் சுட வருகிறார்கள். ஒரு இளவட்டப் பையன் குறுக்கே பாய்ந்து குண்டை வாங்கிக்கொண்டு, கதாநாயகன் மடியில் தலை வைத்து வசனம் பேசிச் சாகிறான். அந்தப் பையன்தான் தீபக் ராய். கதாநாயகன் ரோஷன் சேத்தி. போஸ்டரில் அவர் பெயர் போட்டால் தியேட்டரில் கண்ணாடி உடையும் காலம். முதல் நாள் இவன் ஓடிவந்து பாய்ந்ததையும் விழுந்ததையும் பின்னாலிருந்து எடுத்தார்கள். அதற்குள் சேத்திக்கு நேரமாகிவிட்டது. "முதுகு முடிந்தது. முகம் அடுத்த முறை" என்று டைரக்டர் எழுந்துவிட்டார்.

ஒரு அசிஸ்டெண்ட் வந்து இவன் தலையை நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். மிஸ்ரா ஒரு விரலை ஆட்டிச் சொன்னார்: "கன்டினியூட்டி தெரியுமில்லையா? ஓடிவரும்போது என்ன முடியோ, மடியில் சாகும்போதும் அதே முடி இருக்க வேண்டும். ஒரு சுருள் குறைந்தாலும் உன்னைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி எடுப்பேன். இந்த ஒரு குளோஸ்-அப் போதும் உனக்கு. ஊரே அழும்."

மறுநாள் போனால் ஷூட்டிங் இல்லை. சேத்தி அவசரமாகச் சொந்த ஊருக்குப் போயிருக்கிறாராம். வந்ததும் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

பிரம்மநாயகம் முடியைக் காத்துக்கொண்டு காத்திருந்தான். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கினான். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தால், "படம் முடியட்டும்மா" என்று நழுவினான். நாட்கள் வாரங்களாயின. அந்த நேரம் பார்த்துச் சுடலைமுத்து, ஷாப்புக்குப் போக எழுந்தவர், வாசலில் உட்கார்ந்து இருமினார். இருமி முடித்ததும் சுவரில் சாய்ந்தார். அம்மா வெந்நீரோடு வரும்போது ஆள் இல்லை.

சந்தே கூடிவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்து ஜனம் பம்பாய்க்கு வந்து எதையெதையோ விட்டிருக்கும், சாவுச் சடங்கை மட்டும் விடாது. உடம்பைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் குழாயடியில் குடம் கழுவி வைத்தார்கள். நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரும் கத்தியுமாக வந்து, ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். மகன் முடி எடுக்க வேண்டும். எடுத்தவன்தான் கொள்ளிக்குடம் தூக்க வேண்டும், அவன்தான் தீ வைக்க வேண்டும்.

"வந்து உக்காருல" என்றான் சொரிமுத்து.

பிரம்மநாயகம் அசையவில்லை. கை தானாகத் தலைக்குப் போயிற்று.

"யண்ணே, நா முடி எடுக்க முடியாது. பாதி சீன் எடுத்துருக்காவ. முடி போச்சுன்னா என்னயத் தூக்கிருவாவ."

கூட்டத்தில் ஒரு இரைச்சல் எழுந்து அடங்கியது. "என்னல சொல்லுத? செத்துக் கெடக்கது ஒங்கப்பன்லா!" என்று யாரோ கத்தினார்கள். சொரிமுத்து கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னான்: "ஸ்டுடியோவுல போயி விஷயத்தச் சொல்லுல. அவியளும் மனுசங்கதான. அப்பா செத்துட்டாருன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

என்னவென்று சொல்வான்? கேப்டன் சண்டையில் செத்து இரண்டு வருஷம் ஆயிற்றே. இன்னொரு தடவை சாக ஒரு அப்பா அவனுக்கு அங்கே இல்லை. தரையைப் பார்த்தபடி, "சொல்ல முடியாதுண்ணே" என்றான்.

உள்ளேயிருந்து ஆறுமுகத்தாய் வந்தாள். தலைவிரி கோலம். அவள் அதட்டவில்லை, கெஞ்சினாள்.

"எய்யா, முடிதான? நா எண்ணெ தேச்சு விடுதேன்யா, ரெண்டு மாசத்துல வளந்துரும்யா. ஒங்கப்பனுக்கு நீ ஒருத்தன்தான்யா இருக்க."

"படம் முடியட்டும்மா. திருச்செந்தூருக்கே போயி மொட்ட போடுதேன்."

"அங்க சாமி காத்துக்கிடும். ஒங்கப்பன் எப்பிடியா காத்துக் கெடப்பாரு?"

அவன் அழுதான், ஆனால் உட்காரவில்லை. அவன் கல்நெஞ்சன் என்று சந்து பேசிற்று. கல்நெஞ்சனாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பான். இதை விட்டால் இனி எனக்கு எதுவும் இல்லை, எதுவும் இல்லை என்று மட்டுமே மனசுக்குள் ஓடியது.

சொரிமுத்துதான் கடைசியில் சட்டையைக் கழற்றினான். தன் தகப்பனுக்கு ஏற்கெனவே ஒரு தடவை முடி எடுத்தவன். பலகையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தான். கொள்ளிக்குடம் அவன் தோளில் ஏறியது. பிரம்மநாயகம் மகனாகப் பிறந்தும் கூட்டத்தில் ஒருவனாக, பின்னால் நடந்து போனான். அன்றிலிருந்து ஆறுமுகத்தாய் அவனிடம் பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முன்பே செம்பூரிலிருந்து ஆள் வந்தது. லாண்டரியில் சட்டை மாற்றும்போது பிரம்மநாயகம் கண்ணாடியில் தலையைப் பார்த்தான். ஒரு சுருளும் குறையவில்லை. இன்றைக்கு முகம் வந்துவிட்டால் அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போவேன், திரை முழுக்க என் முகத்தைப் பார்த்தால் மனசு இளகாமலா போகும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனான்.

அசிஸ்டெண்ட் போட்டோவை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, "பலே, அப்படியே இருக்கிறது" என்றான். சட்டையில் சிவப்புச் சாயம் பூசினார்கள். சேத்தி மண்ணில் சம்மணமிட்டு உட்கார, இவன் அவர் மடியில் தலை வைத்துப் படுத்தான். விளக்குகள் எரிந்தன. சத்தம் பதிவாகும் என்று மின்விசிறிகளை நிறுத்தினார்கள். வேர்வை ஆறாக ஓடியது.

"ஒரு நிமிஷம்" என்று மேக்கப்காரர் ஓடிவந்தார். சேத்தியின் நெற்றியோரம் வேர்வையில் ஏதோ கிளம்பியிருந்தது. அவர் ஒரு பசைப் புட்டியைத் திறந்து, சேத்தியின் முன்முடியை விரலால் அப்படியே தூக்கினார். முடி சல்லாத்துணியோடு எழும்பியது. உள்ளே மழித்த தலை. அதில் புதிதாகக் கிளம்பிய முள்முடி.

கீழே படுத்திருந்த பிரம்மநாயகம் அதை அண்ணாந்து பார்த்தான்.

"சாப், இது..."

"விக்" என்று சேத்தி சிரித்தார். "யாருக்கும் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே. போன மாதம் ஜலந்தரில் எங்கள் பிதாஜி போய்விட்டார். மூத்தவன் நான். மொட்டை போடாமல் இருக்க முடியுமா? புரொட்யூசர் போனில் அழுதான். அழுதுவிட்டு விக் செய்யச் சொல் என்றேன். படம் நாளைக்கும் வரும், அப்பா இன்னொரு தடவை வருவாரா?"

மேக்கப்காரர் பசையை அழுத்தித் தேய்த்தார். சேத்தி குனிந்து இவன் கன்னத்தைத் தட்டினார். "உன் அப்பா சண்டையில் போனவராமே, மிஸ்ரா சொன்னார். நீதானே கொள்ளி வைத்தாய்?"

"உடம்பு வரவில்லை, சாப்."

"பாவம்" என்றார் சேத்தி. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

கேமரா ஓட ஆரம்பித்தது. பிரம்மநாயகம் சொல்ல வேண்டிய வசனம் இதுதான்: "அம்மாவிடம் சொல்லுங்கள் அண்ணா, ஒரு மகனின் கடமையை நான் செய்துவிட்டேன்." பான் கடை பையாவிடம் நூறு தடவை சொல்லிப் பார்த்த வசனம். 'மகனின்' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கட். மறுபடியும். 'மகனின்.' கட். தண்ணீர் கொடுத்தார்கள். டைரக்டர் பொறுமையாக, "பயப்படாதே, மெதுவாகச் சொல்" என்றார். ஒரு விக். எனக்கு விக் செய்து தந்திருப்பார்களா? தராமலே போயிருக்கலாம். ஆனால் கேட்டேனா? வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டேனா? மறுபடியும் கேமரா ஓடியது. சேத்தி கண்ணீர் வழிய, மகனைப் பார்ப்பது போல் அவன் முகத்தைப் பார்த்தார். வாசல் சுவரில் சாய்ந்து கிடந்த தலை பிரம்மநாயகத்தின் கண்ணுக்குள் வந்தது.

"எப்பா!" என்று அலறினான். "எப்பா! எப்பா! நா செய்யலியே எப்பா!"

சேத்தியின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் வீட்டில் அழாத அழுகையெல்லாம் அங்கே அழுதான். கேமராவை நிறுத்தச் சொல்லக்கூட ஒரு கணம் யாருக்கும் தோன்றவில்லை.

"இது என்ன பாஷை?" என்றார் டைரக்டர்.

"மதராசி" என்றார் மிஸ்ரா. முகம் சுருங்கிவிட்டது. "டேய், நீ டேராடூன் இல்லையா? கேப்டன்?"

பிரம்மநாயகம் இல்லையென்று தலையை ஆட்டினான். "தாராவி. தோல் ஷாப்."

சேத்தி அவனைக் குனிந்து பார்த்தார். "உன் அப்பா எப்போது செத்தார்?"

"போன வாரம், சாப்."

சேத்தியின் பார்வை அவன் கண்ணிலிருந்து மெல்ல மேலே ஏறி, அவன் முடியில் நின்றது. சுருள் சுருளாக, ஒரு மயிர் குறையாமல் இருந்த முடி. அவர் அவன் கன்னத்திலிருந்த கையை எடுத்தார். தலையை மடியிலிருந்து இறக்கி மண்ணில் வைத்துவிட்டு எழுந்து மேக்கப் அறைக்குப் போய்விட்டார்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "சாப், இன்னொரு தடவை. சொல்லிவிடுவேன் சாப், ஒரே ஒரு தடவை" என்று டைரக்டரின் காலைப் பிடித்தான். டைரக்டர் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு நேரம் இல்லை. வாட்சைப் பார்த்தார், பிலிம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார், நெற்றியைத் தேய்த்தார்.

"வசனம் வேண்டாம். குண்டு பட்டதும் செத்துவிட்டான். சேத்தி அழுவதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்." பிறகு இவனைக் காட்டி, "இவனைக் குப்புறப் போடு. ஓடிவந்தவன் இவன்தான் என்று தெரிய வேண்டும், முடி தெரிந்தால் போதும்" என்றார்.

குப்புறப் போட்டார்கள். வாய்க்குள் மண் போயிற்று. அசிஸ்டெண்ட் போட்டோவோடு வந்து பக்கத்தில் மண்டியிட்டு, சீப்பால் ஒவ்வொரு சுருளையும் அதனதன் இடத்தில் எடுத்து வைத்தான். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கன்டினியூட்டி ஓகே" என்று கத்தினான். செத்தவன் அழக்கூடாது, முதுகு குலுங்கினால் கேமராவில் தெரியும் என்றார்கள். பிரம்மநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

படம் அடுத்த வருஷம் வந்தது. அவன் யாருக்கும் சொல்லவில்லை. சொரிமுத்துதான் போஸ்டரைப் பார்த்துவிட்டு, "சித்தி, ஒரு தடவ வா. அவன் மொகத்தப் பாத்தா ஒனக்கும் மனசு ஆறும்" என்று ஆறுமுகத்தாயை இழுத்துக்கொண்டு சயான் பக்கத்துத் தியேட்டருக்குப் போனான். சொரிமுத்துவுக்கு முடி வளர்ந்து, எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவியிருந்தான். வர மாட்டேன் என்ற பிரம்மநாயகத்தையும் விடவில்லை. அம்மாவுக்கு அந்தப் பக்கம் சொரிமுத்து, இந்தப் பக்கம் இவன். கொள்ளிக்குடம் உடைந்த நாளிலிருந்து அவள் இவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

படம் முடியப் போகிற நேரம். துப்பாக்கி வெடித்தது. ஒருவன் பின்னாலிருந்து ஓடிவந்து பாய்ந்து விழுந்தான். ரோஷன் சேத்தி திரை முழுக்க அழுதார். தியேட்டரும் சேர்ந்து அழுதது. அவர் காலடியில் மண்ணில் ஒரு தலை குப்புறக் கிடந்தது.

ஆறுமுகத்தாய் முன்னால் சாய்ந்து கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "எங்கல அவன்? மொகமே வரலியே" என்று சொரிமுத்துவிடம் கேட்டாள்.

சொரிமுத்து திரையைக் காட்டி, "அந்தா, குப்புறக் கெடக்கான்லா சித்தி" என்றான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். சேத்தி அழுது முடித்து எழுந்து போன பிறகும் கேமரா கொஞ்ச நேரம் அந்த முடிமேல் நின்றது.

"ஆமா" என்றாள். "அவன் முடிதான். நா எண்ணெ தேச்ச முடில்லா, எனக்குத் தெரியாதா?"

பிரம்மநாயகம், "யம்மா" என்றான். குரல் வெளியே வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் திரும்பவில்லை. விளக்கு போட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொரிமுத்துவின் கையைப் பிடித்து எழுந்து, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே நடந்தாள்.